கருடனுக்கு நான் வைத்த இரை

என் கோழிப்பண்ணை வாசலில் ஒரு கழுகு நிற்கிறது. சிமெண்டுக் கழுகு. விரித்த இறக்கை இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும், கீழே லாரி தாராளமாக நுழையும். நாமக்கல்லைச் சுற்றி எத்தனையோ பண்ணை இருக்கிறது, வாசலில் கழுகு வைத்தவன் நான் ஒருத்தன்தான். கோழி வளர்க்கிறவன் கழுகைக் கும்பிடுவதா, ஆட்டுப்பட்டிக்கு நரி காவலா என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது பஸ் கண்டக்டரே "கழுகுப் பண்ணையெல்லாம் எறங்கு" என்றுதான் கூவுகிறார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நான் பேசாத மேடை இல்லை. எல்லா மேடையிலும் ஒரே கதைதான். கழுகுக்கு நாற்பது வயதானால் அலகு வளைந்து இரை எடுக்க முடியாமல் போகும். அப்போது அது மலை உச்சிக்குப் போய், பாறையில் மோதி மோதித் தன் அலகைத் தானே உடைத்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும். புது அலகு முளைத்ததும் பழைய இறகுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுப் பறவையாகக் கிளம்பும். நானும் அப்படி என்னை உடைத்துக்கொண்டு எழுந்தவன்தான் என்று முடிப்பேன். கைதட்டல் அடங்க நேரம் ஆகும்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று என் மகன் சொன்னான். இதுவரை துபாய் போய் வந்ததையும் சிங்கப்பூர் போய் வந்ததையும் எழுதியிருக்கிறேன். அவற்றில் நான் நல்லவனாகத்தான் தெரிவேன். அதனாலேயே இதையும் எழுதுகிறேன்.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே பெருமாள் கோயில் கும்பாபிஷேகம். கோபுரம் என் உபயம். காரணம் உண்டு. இருபது வயதில் செம்மேட்டுச் சந்தையில் நாட்டு முட்டை வாங்கி, வைக்கோல் போட்ட கூடையில் அடுக்கி, மலையிலிருந்து தலைச்சுமையாக இறக்கியவன் நான். ஒரு முட்டை உடைந்தால் அன்றைய லாபம் போச்சு. அந்தக் கூடையிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு இருக்கிற எல்லாம். மலைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று நினைத்தது நிஜம். கல்வெட்டில் என் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று நினைத்ததும் நிஜம்.

கோபுரக் கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும். எந்தக் கோயிலிலும் ஜனங்கள் அண்ணாந்து காத்திருப்பது அதற்குத்தான். மலைக்குக் கீழே கருடன் கொஞ்சம் தாமதித்தால் மேளத்தைக் கொட்டிச் சமாளித்து ஊற்றிவிடுவார்கள். இந்த ஊரில் அப்படி இல்லை. வந்தால்தான் ஊற்றுவார்கள். போன தடவை சாயங்காலம் வரைக்கும் ஊரே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றதாம். இந்தத் தடவை என் சம்பந்தி ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வருகிறார். அவர் எதையும் குறை சொல்லியே பழகினவர். அவரைச் சாயங்காலம் வரை வெயிலில் நிறுத்த முடியுமா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. பண்ணை என்றால் தினமும் சாவு இருக்கும். செத்த கோழிகளைப் போடும் குழிக்கு மேலே காலை பத்து மணிக்கெல்லாம் பருந்தும் கருடனும் சுற்ற ஆரம்பித்துவிடும். வாத்தியார் மணி அடித்தது போல வரும். ஆகவே இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் போட்டு, செத்த கோழிகளை அடுக்கி, காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டேன். ஒரு பெட்டி முன்கூட்டியே காட்டிப் பழக்குவதற்கு, ஒரு பெட்டி முகூர்த்தத்துக்கு. டிரைவர் செல்வம் மட்டும் "கோயில் காரியத்துக்குங்களா இது?" என்று கேட்டான். படித்தவனுக்குத் தோன்றாத யோசனை இது என்று நான் சொன்னேன். அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டுவதற்குள் புது கார் ஆவி விட்டது. செல்வத்தைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, ஐஸ் உருகுமே என்ற பயத்தில் பெட்டிகளோடு பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன். முப்பது வருஷமாக நான் பஸ் ஏறினதில்லை. உட்கார இடம் இல்லை. பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து பஸ்ஸுக்குள் ஓடியது. கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்ன என்று கேட்டார். மருந்து என்றேன்.

"மருந்து இந்த நாத்தம் நாறுதுங்களா?"

பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் எனக்காகப் பேசினார். "நாட்டு மருந்துன்னா நாறத்தான் செய்யும். நாறாத மருந்து கேக்குமாக்கும்?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். செம்மேட்டில் இறங்கி, டீக்கடையில் மிளகு தூக்கலாகப் போட்ட போண்டா தின்றபடி, செல்வம் காரோடு வந்து சேரும் வரைக்கும் பெட்டிகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் எனக்குத் தங்க இடம் கொடுத்தவர்கள் ராமசாமி, வெள்ளையம்மா என்ற புருசன் பெண்டாட்டி. சாமை, மரவள்ளி, மரத்தில் ஏற்றின மிளகுக் கொடி. கொஞ்சம் காடு. ராமசாமி மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். மூன்று மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். கதவுக்கு நேராகக் கட்டிலைப் போட்டு, வானத்தைப் பார்த்தபடி கிடப்பார். வெள்ளையம்மா என்னை முதல் நாளே "வாங்கண்ணா" என்றாள். முதலாளி என்றே கேட்டுப் பழகின காதுக்கு அது கொஞ்சம் குறைச்சலாகப் பட்டது.

அவர்கள் வீட்டுக்கு ஒரு உரிமை இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு ஊற்றிலிருந்து வரும் முதல் குடம் அந்த வீட்டுக் குடம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு ஆண் தூக்கி வந்தது. இப்போது ராமசாமி படுத்துவிட்டதால் வெள்ளையம்மா தூக்குவதாக ஏற்பாடு. ராமசாமியின் பங்காளி ஒருவர், பொம்பளை தூக்கக் கூடாது, குடத்தை என் வீட்டுக்கு மாற்று என்று ஊர்ப் பெரியதனக்காரரிடம் நச்சரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற காரியம். "இந்தத் தடவை கைமாறுச்சுன்னா அவ்வளவுதானுங்க, எங்க ஊட்டுக்குத் திரும்பாது" என்று ராமசாமி சொன்னார்.

காப்புக் கட்டி எட்டு நாள் ஆகியிருந்தது. ஊருக்குள் கவிச்சியே கிடையாது, முட்டைகூட இல்லை. வெள்ளையம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாமைச் சோறு இவ்வளவு ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கார் டிக்கியில் இருந்ததை நினைத்து அப்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பெரிய காரியத்துக்காகச் செய்கிறோம் என்றே நினைத்தேன்.

பொழுது சாயும் முன் செல்வமும் நானும் காற்றாட நடப்பது போலக் கோயிலுக்குப் பின்னால் மேட்டுக்குப் போனோம். அங்கே ஒரு தட்டைப் பாறை. ஓரத்தில் சாமை உமி கிடந்தது. யாரோ தானியம் காய வைக்கிற பாறை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெட்டியைக் கவிழ்த்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் காலையில் வாசலூர்பட்டி ஏரிக்குப் போய்ப் படகில் ஒரு சுற்று வந்தேன். திரும்பி வந்து கோயிலுக்குள் நுழைந்தால், சுதை வேலைக்காரர் கருடனுக்குக் கடைசி வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். கழுகு மூக்கு, மனுஷ உடம்பு, முட்டி போட்டுக் கை கூப்பின உருவம். எனக்கு அது பிடிக்கவில்லை. துபாயில் ஒரு பெரிய மனுஷர் கையில் வல்லூறு உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தவன் நான். பறவைகளுக்கு ராஜாவை இப்படியா குனிய வைப்பது, இறக்கையை விரித்துப் பறக்கிற மாதிரி செய்திருக்கலாமே, சிமெண்டு நான் தந்திருப்பேனே என்றேன். அவர் சிலையிலிருந்து தூரிகையை எடுக்காமலே சொன்னார்: "பறக்கறப்ப அது பறவைதானுங்க. கை கூப்பி உக்காந்தாத்தான் கருடன்."

வீட்டுக்கு வந்து ராமசாமியிடம் என் கழுகுக் கதையை எடுத்துவிட்டேன். மேடையில் சொல்வது போலவே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவர் கடைசி வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, "ஏனுங்க, அலகை ஒடச்சுப்போட்டா எதைக் கொண்டுங்க அது திங்கும்?" என்றார்.

பட்டினி கிடக்கும் என்றேன்.

"எத்தனை நாளைக்குங்க? நாலு நாளு தின்னலைன்னா பறவை செத்துப்போயிருமுங்க. மரம் மரமா ஏறுனவன் நான், கூடு கூடாப் பாத்திருக்கறேன். அலகு போன கழுகு செத்த கழுகுதானுங்க."

அவருக்குத் தெரிந்த கழுகு வேறு. மலையில் ஒரு கருங்கழுகு உண்டாம். உடம்பெல்லாம் கறுப்பு, காலும் மூக்கும் மட்டும் மஞ்சள். மற்றதைப் போல உயரத்தில் வட்டமிடாதாம். மரங்களின் தலையை உரசுகிற மாதிரி, இறக்கையை அசைக்காமல் மெதுவாகப் போகுமாம். ஒவ்வொரு மரமாகப் பார்த்து, குருவிக் கூட்டிலிருக்கும் முட்டையையும் குஞ்சையும் கூட்டோடு தூக்கிப் போய்விடுமாம். "முட்டைக்காரருங்க அது, உங்களாட்ட" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இடுப்பு வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. அதைப் பார்த்தால் என்ன பலன் என்று கேட்டேன். "பலனெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அது அதும்பாட்டுக்குப் போகும். அதைப் பாக்கறதுக்குன்னே மரத்து மேல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பேன்" என்றார்.

பேசிக்கொண்டே கதவு வழியாக மேட்டைப் பார்த்தார். அங்கே பத்துப் பதினைந்து பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. "இத்தனை ஒரே எடத்துல சுத்துனா கீழ ஏதோ செத்துக் கெடக்குதுங்க. காட்டுப்பன்னியா இருக்கும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். யோசனை பலித்துவிட்டது.

கும்பாபிஷேகத்தன்று விடியும் முன்பே செல்வம் இரண்டாம் பெட்டியையும் பாறையில் கொட்டிவிட்டு வந்தான். வெள்ளையம்மா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஊற்றிலிருந்து முதல் குடத்தைத் தூக்கி வந்தாள். மேளம் முன்னால் போக, முகம் சிவந்து, யாரையும் பார்க்காமல் நடந்தாள். கட்டிலோடு ராமசாமியை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். குடம் அவரைத் தாண்டும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தியின் பஸ்ஸும் வந்து சேர்ந்தது. "இந்தக் காட்டுக்குள்ள கருடன் எங்கிருந்து வரும் சம்பந்தி?" என்றார் அவர். பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

பட்டர் சாரத்தின் மேல் ஏறினார். நானும் ஏறினேன், முட்டிவலியைப் பொறுத்துக்கொண்டு. முகூர்த்தம் நெருங்கியது. மேட்டின் பக்கமிருந்து ஒன்று வந்தது, பின்னால் ஐந்து, பின்னால் எத்தனையோ. பருந்தோடு பருந்தாகச் செம்பட்டை உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக உண்மையான கருடனும் நான்கு வந்தது. ஊரே "கோவிந்தா" என்று கத்தியது. கிழவர்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். சம்பந்தி கைகூப்பி வானத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். என் அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அப்படி ஒரு கணம் வந்ததில்லை. அது ஒரு நிமிஷம்கூட நீடித்திருக்காது.

இரண்டு பருந்து ஒரு துண்டுக்காக அந்தரத்தில் சண்டை போட்டது. துண்டு நழுவியது. கலசத்தின் தோளில் பட்டு, பட்டரின் காலடியில் விழுந்தது. கழுத்தோடு கூடிய ஒரு கோழித் தலை.

மேளம் நின்றது. பட்டர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். தீட்டு, இன்றைக்கு ஆகாது, எல்லாவற்றையும் சுத்தி செய்து நாளைக் காலை புதுத் தண்ணீர் எடுத்து ஊற்ற வேண்டும் என்றார். பிறகு கருடன் வந்த திக்கில் நான்கைந்து பேர் மேட்டுக்கு ஓடினார்கள். திரும்பி வந்து, பாறை முழுக்கக் கோழி இறகும் குடலும் என்று சொன்னார்கள். அது யார் பாறை என்று பெரியதனக்காரர் கேட்டார். பங்காளிதான் சொன்னார், வெள்ளையம்மா சாமை காய வைக்கிற பாறை என்று. போன மாதம் அவள் கோழிகளுக்குக் கழிச்சல் வந்து நிறையச் செத்தது ஊருக்கே தெரியும்.

"காப்புக் கட்டின ஊருக்குள்ள செத்த கோழியை வீசுன கை, குடத்தைத் தொடலாமுங்களா?" என்று பங்காளி கேட்டார்.

"எங்க கோழி இல்லீங்க" என்றாள் வெள்ளையம்மா. அந்தத் தலையை யாரும் தொடாததால், அவளே ஒரு தேக்கிலையால் எடுத்தாள். ஒரு நிமிஷம் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு இலையை மடித்துக்கொண்டாள். மறுபடி கேட்டார்கள், பேசவில்லை. நாளைக்கு முதல் குடம் பங்காளி வீட்டிலிருந்து வரட்டும் என்று பெரியதனக்காரர் தீர்த்துச் சொன்னார்.

நான் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். சம்பந்தி கீழே நிற்கிறார், அவர் ஆட்கள் நிற்கிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், பெரியதனக்காரரை ஓரமாகக் கூப்பிட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாரத்திலிருந்து இறங்கவும் எனக்கு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. சம்பந்தி கிளம்பும்போது, "பொம்பளை கையில குடத்தைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். நான் அவருக்குக் கை கூப்பி விடை கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மா வழக்கம் போல இலை போட்டாள். சாமைச் சோறு, மரவள்ளிக்கிழங்குப் பொரியல். ராமசாமி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாதி இலையிலேயே எழுந்துவிட்டேன். கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். வாழையடியில் புதிதாக மண் கிளறியிருந்தது. அவள் சொம்போடு பின்னால் வந்து நின்றாள். அந்தத் தலையை இங்கேதான் புதைத்தாயா அம்மணி என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"மூக்கு வெட்டின கோழி எங்க ஊருல ஏதுங்கண்ணா" என்றாள்.

பண்ணைக் கோழிகள் ஒன்றையொன்று கொத்திவிடக் கூடாது என்பதற்காகக் குஞ்சிலேயே அலகின் நுனியைச் சூட்டுக் கத்தியில் வெட்டிவிடுவோம். எல்லாப் பண்ணையிலும் செய்வதுதான். வேறு எந்தக் கோழிக்கும் அந்த அடையாளம் இருக்காது.

தெரிந்திருந்தும் ஏன் சபையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுல சோறு திங்கற மனுசரை நானே எப்படிங்க காட்டிக் குடுக்கறது? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க." கோபமாகச் சொல்லவில்லை. பால் விலை சொல்வது போலச் சொன்னாள். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, போகிறவள் நின்று திரும்பிக் கேட்டாள்: "மூக்கை வெட்டிட்டா அது எப்படிங்கண்ணா திங்கும்?"

தீவனத்தை மாவாக அரைத்துப் போடுவோம் என்று சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் அலகை வெட்டியவன், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் தன் அலகைத் தானே உடைக்கிற பறவையின் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் ஊற்றடிக்குப் போனேன். பங்காளி குளித்துவிட்டுக் குடத்தோடு நின்றார். பெரியதனக்காரர் இருந்தார், ஊரும் இருந்தது. நான் சொன்னேன்: பாறையில் போட்டது என் பண்ணைக் கோழி, கருடனை வரவழைக்க நான்தான் போட்டேன், வெள்ளையம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

யாரும் நம்பவில்லை.

அதுதான் நான் எதிர்பார்க்காதது. பெரியதனக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்ட ஊட்டுக்காகப் பழியைத் தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். பங்காளிகூட, "கோபுரம் கட்டின கை இப்படிச் செய்யுமுங்களா" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் புகழ ஆரம்பித்தார்கள். நான் பண்ணின காரியத்துக்கு வெள்ளையம்மாவைத் திட்டினார்கள், ஒப்புக்கொண்டதற்கு என்னைக் கும்பிட்டார்கள். அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். சொல்லிவிட்டேன், நம்பாதது அவர்கள் பாடு என்று மலை இறங்கியிருக்கலாம். ஒரு கணம் அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வாழையடிக்குப் போய் கையாலேயே மண்ணைத் தோண்டினேன். வெள்ளையம்மா, "விடுங்கண்ணா" என்றாள். நான் விடவில்லை. தீட்டுப் பொருளைக் கோயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதால், பெரியதனக்காரரை வேலி ஓரம் வரைக்கும் கூட்டி வந்து, தேக்கிலையைப் பிரித்துக் காட்டினேன். இந்த அலகைப் பாருங்கள், இது வெட்டினது, என் பண்ணையில் வெட்டினது, உங்கள் மலையில் ஒரு கோழிக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். செல்வத்தையும் கூப்பிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான்.

பெரியதனக்காரர் வெகு நேரம் பார்த்தார். அவர் முதலில் கேட்டது கோழியைப் பற்றி இல்லை.

"அப்ப நேத்து கருடன் வந்தது?"

"கறிக்குத்தானுங்க வந்தது" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நேற்று தரையில் விழுந்து கும்பிட்டவர்களில் அவரும் ஒருவர். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பங்காளியிடம் போய்க் குடத்தைக் கீழே வைக்கச் சொன்னார். "அது ராமசாமி ஊட்டுக் குடம். அவ தூக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க மேல ஏற வேண்டாமுங்க. கீழ எங்களோட நில்லுங்க. வந்தாத்தான் ஊத்துவோம்" என்றார். அபராதம் கேட்டிருந்தால் எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

நின்றேன். பாறையை ஊரார் கழுவிவிட்டார்கள். வெள்ளையம்மா அதே மஞ்சள் சேலையில் மறுபடி முதல் குடத்தைத் தூக்கி வந்தாள். பத்து மணி ஆனது, ஒன்றும் வரவில்லை. நேற்று வந்த பருந்துகள் தின்றது போதும் என்று எங்கேயோ போய்விட்டன. பனி இறங்கியது, விலகியது, மறுபடி இறங்கியது. குழந்தைகளுக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்கள். உச்சி தாண்டியது. முட்டி கழன்று விழுவது போல வலித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. எதிரே சுதைக் கருடன் முட்டி போட்டுக் கை கூப்பியிருந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு முகம் இல்லை.

மூன்று மணி வாக்கில், கட்டிலோடு கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்த ராமசாமி கையை நீட்டினார். சோலைப் பக்கமிருந்து ஒன்று வந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. உயரத்தில் இல்லை. மரத் தலைகளைத் தடவிக்கொண்டு, இறக்கையை ஒரு தடவைகூட அசைக்காமல், விரித்த விரல் போல நுனி இறகுகள் தெரிய, அவசரமில்லாமல் வந்தது. என் பண்ணை வாசலில் நிற்பதைச் செய்தவன் இதைப் பார்த்ததில்லை. பட்டர் தயங்கினார். இது கருடன் இல்லையே, ஊற்றலாமா என்று மேலேயிருந்து கேட்டார். பெரியதனக்காரருக்கும் தெரியவில்லை. கூட்டம் முணுமுணுத்தது.

"ஊத்துங்க சாமி" என்றாள் வெள்ளையம்மா. "யாரும் கூப்பிடாம வந்திருக்குதுங்க."

பட்டர் குடத்தைச் சாய்த்தார். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. கோயில் முற்றத்தில் அதன் நிழல் மட்டும் கல்லின் மேல் நகர்ந்து, என் பாதத்தைத் தாண்டி, வெள்ளையம்மாவின் சேலையில் ஏறி இறங்கிப் போனதைப் பார்த்தேன். மேலேயிருந்து தெறித்த தண்ணீர் எல்லோர் தலையிலும் விழுந்தது. என் தலையிலும் விழுந்தது.

கல்வெட்டில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். கல்லில் வெட்டினதை எப்படி எடுப்பது, கிடக்கட்டும் என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார். கிளம்பும்போது வெள்ளையம்மா வாழை இலையில் கொஞ்சம் சாமை அரிசி கட்டிக் கொடுத்தாள். "போய்ட்டு வாங்கண்ணா" என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல் எனக்குக் குறைச்சலாகப் படவில்லை. அதற்கு நான் தகுதியா என்பதுதான் தெரியவில்லை.

சாயங்காலம் பண்ணைக்குள் கார் நுழைந்தபோது, நிறுத்தச் சொல்லி இறங்கி வாசல் கழுகை அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக அதன் இறக்கையைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அலகைப் பார்த்தேன். நீளமாக, வளைந்து, நுனி கூராக இருந்தது. என் பண்ணையில் முழு அலகோடு இருக்கிற ஒரே பறவை அதுதான்.